டோவர் வழக்கு: அறிவியல் வகுப்பில் எதைச் சொல்லலாம் என்று நீதிமன்றம் எப்படி முடிவு செய்தது?

பள்ளியில் பரிணாமத்தைக் கற்பிப்பது பற்றிய வழக்கு என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், டேட்டன் என்ற சிற்றூரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு. ஆனால் அந்த வழக்கில் பரிணாமத்தின் தரப்பு தோற்றது. நீதிமன்றங்கள் இந்தப் பிரச்சினையை எப்படி அணுகுகின்றன என்று புரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமானது, 80 ஆண்டுகள் கழித்து 2005இல் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த 'கிட்ஸ்மில்லர் எதிர் டோவர் வட்டாரப் பள்ளி மாவட்டம்' வழக்கு. சுருக்கமாக டோவர் வழக்கு என்பார்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். பரிணாமம் உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல அந்த நீதிமன்றம் உட்காரவில்லை. அது நீதிபதியின் வேலையும் அல்ல. அவர் முன் இருந்த கேள்வி வேறு: அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு பள்ளி, அறிவியல் என்ற பெயரில் மதக் கருத்து ஒன்றை மாணவர்களிடம் கொண்டுபோகிறதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் வழக்கில் ஏன் சர்ச் வசூலும் காசோலையும், பழைய புத்தக வரைவுகளும் நுண்ணுயிரின் வாலும் ஒன்றாக வந்து நின்றன என்பது விளங்கும்.

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது

மதம் ஒன்றை நிறுவும் வகையில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றக் கூடாது என்கிறது 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். தொடக்கத்தில் இது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. 1947இல் உச்ச நீதிமன்றம் இதை மாநில அரசுகளுக்கும் விரித்தது. அரசுப் பள்ளியும் அரசின் ஓர் அங்கமே என்பதால், பள்ளியின் பாட முடிவும் இந்த வரிக்குள் வந்துவிட்டது. தனியார் பள்ளியில், தேவாலயத்தில், வீட்டில் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் இந்தத் தடை பொருந்தாது.

அமெரிக்கப் பள்ளி நிர்வாகமும் நமக்குப் பழக்கமானதல்ல. இங்கே பாடநூல் மாநிலத்திடமிருந்தோ சிபிஎஸ்இயிடமிருந்தோ வருகிறது. அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் உண்டு. டோவரில் அதற்கு ஒன்பது உறுப்பினர்கள். மாணவர் எதைக் கற்க வேண்டும் என்ற பொதுத் தரத்தை மாநிலம் வகுக்கும். எந்தப் பாடநூல், எந்தக் கொள்கை என்பதை வாரியம் முடிவு செய்யும். உறுப்பினர்கள் அறிவியல் படித்தவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இந்த அமைப்பினால்தான் பரிணாமச் சண்டைகள் தலைநகரில் நடக்காமல் சிற்றூர்களின் கூட்ட அறைகளில் தொடங்குகின்றன.

டோவருக்கு முன்

1925இல் டென்னசி இயற்றிய பட்லர் சட்டம், மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் அதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தார். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 100 டாலர் அபராதம். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் காரணம் வெறும் நடைமுறைப் பிழை: 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிதான் விதிக்க வேண்டும், நீதிபதி விதித்துவிட்டார். சட்டம் அப்படியே நின்றது. 1967 வரை நீடித்தது.

1968இல் எப்பர்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பரிணாமத்தைத் தடை செய்வது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. தடுக்க முடியாது என்றானதும் எதிர்த்தரப்பு பாதையை மாற்றியது. தடை வேண்டாம், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்பதை அறிவியலாகச் சொல்லும் 'படைப்பு அறிவியல்' என்ற பாடத்துக்கும் சம நேரம் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் அத்தகைய சட்டம் 1982இல் விழுந்தது. லூசியானாவின் சட்டம் 1987 ஜூன் 19 அன்று, எட்வர்ட்ஸ் வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்ற கணக்கில் விழுந்தது. இந்தத் தேதியை நினைவில் வையுங்கள். டோவர் வழக்கின் திருப்புமுனை இதில்தான் இருக்கிறது.

1982, 1987 வழக்குகளில் நீதிபதிகள் பயன்படுத்திய அளவுகோலுக்கு 'லெமன் சோதனை' என்று பெயர். 1971இல் வேறொரு பள்ளி வழக்கில் உருவானது. அதுவும் பென்சில்வேனியாவில் பிறந்த வழக்கே. அதன்படி, அரசின் ஒரு செயல் செல்ல வேண்டுமானால் அதற்கு மதம் சாராத உண்மையான நோக்கம் இருக்க வேண்டும். அதன் முதன்மை விளைவு மதத்தை வளர்ப்பதாகவோ ஒடுக்குவதாகவோ இருக்கக் கூடாது. அரசும் மதமும் ஒன்றோடொன்று மிதமிஞ்சிப் பின்னிக்கொள்ளக் கூடாது. இவற்றில் ஒன்றில் தவறினாலும் செயல் செல்லாது. இதோடு 'ஆதரவுச் சோதனை' என்று இன்னொன்றும் அப்போது இருந்தது: விவரம் தெரிந்த நடுநிலையாளர் ஒருவர் இந்தச் செயலைப் பார்த்தால், அரசு ஒரு மதத்துக்கு ஒப்புதல் முத்திரை குத்துகிறது என்று எண்ணுவாரா? டோவரில் நீதிபதி இரண்டு சோதனைகளையும் வைத்துப் பார்த்தார்.

டோவரில் நடந்தது

2004 கோடையில் உயிரியல் பாடநூல் வாங்கும் பேச்சு வந்தது. கென்னத் மில்லரும் ஜோசப் லெவினும் எழுதிய நூலை ஆசிரியர்கள் பரிந்துரைத்தார்கள். பாடத்திட்டக் குழுவின் தலைவராக இருந்த வாரிய உறுப்பினர் வில்லியம் பக்கிங்ஹாம், அது டார்வின் கருத்தில் தோய்ந்திருக்கிறது என்று எதிர்த்தார். அக்டோபர் 18 அன்று வாரியம் 6க்கு 3 என்று ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது: டார்வின் கொள்கையில் உள்ள இடைவெளிகளையும் சிக்கல்களையும், 'அறிவார்ந்த வடிவமைப்பு' உள்ளிட்ட மற்றக் கொள்கைகளையும் மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். எதிர்த்து வாக்களித்த தம்பதியர் இருவரும் அன்றே வாரியத்திலிருந்து விலகினார்கள்.

அறிவார்ந்த வடிவமைப்பு என்பது, உயிரினங்களின் சில அமைப்புகள் இயற்கைக் காரணங்களால் தோன்ற முடியாத அளவுக்குச் சிக்கலானவை, ஆகவே அறிவுள்ள ஏதோ ஒன்று அவற்றை வடிவமைத்திருக்க வேண்டும் என்ற வாதம். வடிவமைத்தது யார் என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுவார்கள்.

தீர்மானத்தின்படி ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு நான்கு பத்தி அறிக்கை ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும். மாநிலத் தரம் டார்வினைப் படிக்கச் சொல்கிறது என்று அது தொடங்கும். டார்வின் சொன்னது ஒரு கொள்கைதான், உண்மை அல்ல. அதில் இடைவெளிகள் உள்ளன. அறிவார்ந்த வடிவமைப்பு மாற்று விளக்கம். அதை அறிய விரும்புவோருக்கு 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற நூல் கிடைக்கும். திறந்த மனத்தோடு இருங்கள் என்று போகும்.

மேலோட்டமாகப் பார்த்தால் தீங்கில்லாத நான்கு பத்திகள். எங்கே இடிக்கிறது என்றால், பள்ளியில் கற்பிக்கும் எத்தனையோ அறிவியல் கொள்கைகளில் இந்த ஒன்றுக்கு மட்டுமே எச்சரிக்கை. அணுக்கொள்கைக்கு இல்லை, நோய்க்கிருமிக் கொள்கைக்கு இல்லை. அறிவியலில் கொள்கை என்பது ஏராளமான சான்றுகளை ஒருங்கே விளக்கி, சோதனைகளில் தாக்குப்பிடித்த விளக்கம். அறிக்கையிலேயே ஒரு வரி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இன்னொரு வரி அதையே வெறும் ஊகம்போல ஒலிக்கச் செய்கிறது. பதினான்கு வயது மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றே: இந்தப் பாடத்தை நம்ப வேண்டியதில்லை.

உயிரியல் ஆசிரியர்கள் அதைப் படிக்க மறுத்தார்கள். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, உயிரியல் அல்ல, ஏற்கப்பட்ட அறிவியல் கொள்கை அல்ல என்று எழுத்தில் கொடுத்தார்கள். தவறு என்று தெரிந்ததை மாணவரிடம் சொல்வது தங்கள் தொழில்நெறிக்கு விரோதம் என்றார்கள். வேலைக்கு ஆபத்து வரலாம் என்ற நிலையில் எழுதப்பட்ட அந்தக் கடிதம், இந்த வழக்கின் மிக நேர்மையான ஆவணங்களில் ஒன்று. 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து அறிக்கையைப் படித்தார்கள். மாணவர் கேள்வி கேட்க அனுமதி இல்லை. அறிக்கையைக் கேட்க விரும்பாத பிள்ளைகள் வெளியே போகலாம். கேள்வியே கேட்கக் கூடாத ஒன்று எந்த வகையில் திறந்த மனத்தை வளர்க்கும் என்பதற்குப் பள்ளித் தரப்பிடம் கடைசிவரை பதில் இல்லை.

இதற்கு முன்பே, 2004 டிசம்பர் 14 அன்று, 11 பெற்றோர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். முதல் வாதி டாமி கிட்ஸ்மில்லர். ஜூரி இல்லாத விசாரணை. 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை ஹாரிஸ்பர்க் நகரில், மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தது. நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரர். ஜார்ஜ் புஷ் நியமித்தவர்.

புத்தகத்தின் பழைய வரைவுகள்

பள்ளித் தரப்பின் முக்கிய வாதம், அறிவார்ந்த வடிவமைப்பு வேறு, படைப்புவாதம் வேறு என்பது. இரண்டும் ஒன்று என்று காட்டிவிட்டால் 1987 தீர்ப்பே வழக்கை முடித்துவிடும். பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்கள், 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' நூலை வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து அதன் பழைய வரைவுகளை நீதிமன்ற ஆணை மூலம் வரவழைத்தார்கள். நிறுவனம் எதிர்த்தது, பயனில்லை.

1983 முதலான வரைவுகள் வந்தன. முதல் வரைவின் தலைப்பிலேயே 'படைப்பு' இருந்தது. தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிசையாக அடுக்கி, சொற்களை எண்ணி, நீதிமன்றத்தில் வரைபடமாகக் காட்டினார். படைப்பு, படைப்புவாதி போன்ற சொற்கள் 1987இன் ஒரு கட்டத்தில் செங்குத்தாகச் சரிகின்றன. அதே இடத்தில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' மேலே ஏறுகிறது. சுமார் 150 இடங்களில் மாற்றம். எட்வர்ட்ஸ் தீர்ப்பு வந்த பின் நடந்த மாற்றம்.

வரையறை மாறவில்லை என்பதுதான் முக்கியம். படைப்பு என்றால், அறிவுள்ள ஒரு படைப்பாளியின் செயலால் உயிரினங்கள் தம் தனித்தன்மைகளோடு திடீரெனத் தோன்றுவது. துடுப்பும் செதிலும் உடைய மீன்கள், இறகும் அலகும் சிறகும் உடைய பறவைகள். இது பழைய வரைவு. புதியதில் மீனும் பறவையும் அப்படியே இருக்கின்றன. படைப்பு என்ற இடத்தில் அறிவார்ந்த வடிவமைப்பு. படைப்பாளி என்ற இடத்தில் அறிவுள்ள முகவர்.

மாற்றிய கை அவசரத்தில் ஒரு தடயத்தையும் விட்டிருந்தது. 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டிசைன் ப்ரொபொனென்ட்ஸ்', அதாவது வடிவமைப்பின் ஆதரவாளர்கள், என்று போட வேண்டும். ஓரிடத்தில் பழைய சொல் முழுதாக அழியவில்லை. முன்னால் 'சி' என்ற எழுத்தும் பின்னால் 'இஸ்ட்ஸ்' என்ற வாலும் மிஞ்சி, நடுவில் புதிய சொற்கள் செருகப்பட்டு, 'சிடிசைன் ப்ரொபொனென்ட்சிஸ்ட்ஸ்' என்று எந்த மொழியிலும் இல்லாத ஒன்று ஒரு வரைவில் நின்றது. தீர்ப்பு இந்தப் பிழையை நம்பி எழுதப்படவில்லை. மாற்றத்தின் தேதியும் மாறாத வரையறையுமே நீதிபதிக்குப் போதுமானவையாக இருந்தன.

அறிவியல் சாட்சியம்

பள்ளித் தரப்பின் நட்சத்திர சாட்சி லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. அவரது கருத்து 'குறைக்க முடியாத சிக்கல்'. ஓர் எலிப்பொறியில் பலகை, வில், கம்பி, கொக்கி என எல்லாம் இருந்தால்தான் எலி பிடிபடும். ஒன்றை எடுத்தாலும் அது பொறியல்ல. உயிரணுவிலும் அப்படி அமைப்புகள் உண்டு, அவை படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழை, இரத்தம் உறையும் வினைத்தொடர், நோய் எதிர்ப்பு மண்டலம் ஆகிய மூன்றை எடுத்துக்காட்டினார்.

பெற்றோர் தரப்பில் வந்த கென்னத் மில்லர், அந்தப் பாடநூலை எழுதியவர், கத்தோலிக்கர். வாதத்தின் ஓட்டையை அவர் எளிதாகக் காட்டினார். ஒரு பாகத்தை எடுத்தால் *இந்த* வேலை நடக்காது என்பது சரி. வேறு எந்த வேலையும் நடக்காது என்று ஆகாது. பரிணாமம் ஒரு வேலைக்கு இருந்த பாகத்தை இன்னொரு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். கசையிழையின் புரதங்கள் பலவற்றை நீக்கினால் மிஞ்சும் பத்துப் புரதங்களோடு நெருங்கி ஒத்த ஒரு தொகுதி சில பாக்டீரியாக்களில் இருக்கிறது. நச்சுப் புரதங்களைப் பிற உயிரணுக்களுக்குள் செலுத்தும் ஊசியாக அது வேலை செய்கிறது. இரத்த உறைவிலும் அப்படியே: டால்பின், திமிங்கிலங்களிடம் அந்தத் தொடரின் ஒரு காரணி இல்லை, அவற்றின் இரத்தம் உறையத்தான் செய்கிறது.

பரிணாமம் சோதிக்கத்தக்கது என்பதற்கு மில்லர் தந்த உதாரணம் இன்றும் வகுப்பறையில் பயன்படக்கூடியது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 24 சோடி குரோமோசோம்கள், மனிதருக்கு 23. பொது மூதாதை உண்மையென்றால் ஒரு சோடி காணாமல் போயிருக்க முடியாது, இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடம் இருக்கும்: முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை நடுவிலும் இருக்கும், குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியர் ஒன்றுக்குப் பதில் இரண்டின் அடையாளம் இருக்கும். மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் இரண்டுமே இருக்கின்றன. இல்லாமல் போயிருந்தால் பொது மூதாதைக் கருத்து பெரும் சிக்கலில் மாட்டியிருக்கும். வடிவமைப்புக் கருத்திடம் இப்படித் தோற்கக்கூடிய ஒரு கணிப்பைக் கேட்டால் வராது.

பீஹியின் குறுக்கு விசாரணையை வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்ட் நடத்தினார். அறிவியல் கொள்கைக்கு பீஹி வைத்திருந்த விரிவான வரையறைப்படி சோதிடமும் கொள்கையாகுமா என்று கேட்டார். ஆகும் என்று பீஹி ஒப்புக்கொண்டார். நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படித் தோன்றியது என்பதற்கு அறிவியலில் பதிலே இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். அந்தப் பொருளில் வெளிவந்த 58 ஆய்வுக் கட்டுரைகள், 9 நூல்கள், பாடநூல் அத்தியாயங்கள் அவர் முன் வைக்கப்பட்டன. அவை போதுமான சான்று அல்ல என்றார். பெரும்பாலானவற்றை அவர் படிக்கவும் இல்லை. எந்தச் சான்றும் போதாது என்ற நிலை அறிவியல் நிலை அல்ல என்பதை அந்த அறையில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோக்கமும் 850 டாலரும்

சட்டப்படி பார்த்தால் நோக்கம் பற்றிய சாட்சியமே வாரியத்துக்கு அதிகச் சேதம் விளைவித்தது. மாணவரின் விமர்சனச் சிந்தனையை வளர்க்கவே கொள்கை வகுத்தோம் என்றது வாரியம். ஆனால் எந்த அறிவியல் அமைப்பையும் அது கலந்தாலோசிக்கவில்லை. வாக்களித்த சில உறுப்பினர்களுக்கு அறிவார்ந்த வடிவமைப்பு என்றால் என்னவென்றே விளக்கத் தெரியவில்லை. 2000 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சிலுவையில் மாண்டார், அவருக்காக யாராவது நிற்க வேண்டாமா என்று பக்கிங்ஹாம் பொதுக்கூட்டத்தில் பேசியதை உள்ளூர் நிருபர்கள் பதிவு செய்திருந்தார்கள். படைப்புவாதம் என்ற சொல்லையே கூட்டத்தில் சொல்லவில்லை என்றார் அவர். தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் வாயாலேயே அந்தச் சொல் வந்த காட்சியை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள்.

பிறகு பணம். பள்ளிக்கு 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' நூலின் 60 பிரதிகள் பெயர் சொல்லாத நன்கொடையாக வந்திருந்தன. யார் கொடுத்தது என்று விசாரணைக்கு முந்தைய வாக்குமூலத்தில் கேட்டபோது பக்கிங்ஹாமும் வாரியத் தலைவராக இருந்த ஆலன் பான்செலும் தெரிந்ததைச் சொல்லவில்லை. உண்மையில் பக்கிங்ஹாம் தன் தேவாலயத்தில் எழுந்து நின்று நன்கொடை கேட்டிருந்தார். வசூலான பணத்துக்கு 850 டாலர் காசோலை எழுதி, பான்செலின் தந்தை பெயருக்குக் கொடுத்திருந்தார். எதற்கான பணம் என்று காசோலையிலேயே குறிப்பு இருந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று நீதிபதியே பான்செலைக் குறுக்கிட்டுக் கேட்டார். சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு மறைத்தால், அந்தச் சாட்சி சொல்லும் மதச்சார்பற்ற நோக்கத்தை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

தீர்ப்பும் அதன் எல்லையும்

2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு வந்தது. வாரியம் சொன்ன நோக்கம் போலி. உண்மையான நோக்கம் மதம். விளைவும் மதத்தை வளர்ப்பதே. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்பதற்கு நீதிபதி காரணங்கள் சொன்னார்: அது இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை உள்ளே கொண்டுவருகிறது, பரிணாமம் தவறென்றால் வடிவமைப்பே சரி என்று இரண்டே வழிகள் இருப்பதுபோல வாதிடுகிறது, பரிணாமத்தின் மீது அது வைத்த குற்றச்சாட்டுகளை அறிவியலாளர்கள் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். அது அறிவியலா இல்லையா என்ற கேள்விவரை நீதிபதி போயிருக்க வேண்டியதில்லை, நோக்கம் ஒன்றே போதும் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. ஆனால் இரு தரப்புமே அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டிருந்தன. ஆறு வாரச் சாட்சியத்துக்குப் பின் அதை விட்டுவிட்டிருந்தால் அடுத்த ஊரில் அதே விசாரணை முதலிலிருந்து நடந்திருக்கும். அவர் எழுதியது சரி என்பதே என் கருத்து. தீர்ப்புக்குப் பின் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து காவல் போட வேண்டியிருந்தது.

தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் 8 தேர்தலில், போட்டியிட்ட எட்டுப் பழைய உறுப்பினர்களும் தோற்றிருந்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. பெற்றோர் தரப்பின் செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். பேசி முடித்த தொகை 10 லட்சத்து 11 டாலர். அந்தப் 11, வாதிகள் ஒவ்வொருவருக்கும் அடையாளமாக ஒரு டாலர்.

மேல்முறையீடு இல்லாததால் சட்டப்படி இந்தத் தீர்ப்பு வேறெந்த மாநிலத்தையும் கட்டுப்படுத்தாது. மற்ற நீதிபதிகள் அதைப் படித்து வழிகாட்டியாகக் கொள்ளலாம், அவ்வளவே. அதன் அடித்தளமான லெமன் சோதனையையும் 2022இல், பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் பிரார்த்தனை பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் கைவிட்டுவிட்டது. வரலாற்றையும் மரபையும் பார்க்க வேண்டும் என்கிறது புதிய அணுகுமுறை. 1968, 1987 தீர்ப்புகள் ரத்தாகவில்லை. எதிர்த்தரப்பும் ஓயவில்லை: லூசியானா 2008இலும் டென்னசி 2012இலும் இயற்றிய சட்டங்களில் படைப்பும் இல்லை, வடிவமைப்பும் இல்லை. பரிணாமம் போன்ற பாடங்களின் பலங்களையும் பலவீனங்களையும் விவாதிக்க ஆசிரியருக்குச் சுதந்திரம் என்ற வகையில் அவை எழுதப்பட்டிருக்கின்றன. எந்த ஊரில் எந்த ஆசிரியர் அந்தச் சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை, டோவரில் நடந்ததுபோல, ஒரு பெற்றோர் வழக்குப் போட்டால்தான் நீதிமன்றம் பார்க்க முடியும்.